ஒரே பிளக் வேண்டும்!

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மாணவன், பனமலை)



ஆண்டு மலர் என்றால் நாலு கவிதை இருக்கும், தன்னம்பிக்கைக் கட்டுரை இருக்கும், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு ஜோக்கும் கட்டாயம் இருக்கும். நான் எழுத வந்திருப்பதோ ஒரு பிளக்கைப் பற்றி. எலெக்ட்ரிக் மாடல் விமானத்தில் பேட்டரியை மற்ற பாகங்களோடு சேர்க்கிறதே, அந்தக் கட்டைவிரல் நுனி அளவு மஞ்சள் பிளக். "இதுக்குப் போய் ஒரு கட்டுரையா மச்சான்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பாலிடெக்னிக்கில் மாடல் விமானம் செய்கிற அத்தனை பேரும் ஒரே குடும்பத்துப் பேட்டரி பிளக்கைத்தான் போட வேண்டும். அது எக்ஸ்.டி.60 ஆக இருக்கட்டும். ரொம்பச் சின்ன விமானத்துக்கு மட்டும் அதன் தம்பி எக்ஸ்.டி.30. வேறு எதுவும் வேண்டாம். இதை மாணவர் பேரவையே ஒரு தீர்மானமாகப் போட வேண்டும். ஏன் என்று கேட்கிறீர்களா? வாருங்கள், பார்ப்போம்.

ராஜகிரிப் பாலம்

செஞ்சிக் கோட்டை ஏறாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது நம் செஞ்சி ஒன்றுதான். ராஜகிரி சுமார் 800 அடி. மூச்சு வாங்க ஏறி உச்சியை நெருங்கும்போது பாறை பிளந்து குறுக்கே ஒரு பள்ளம் வரும். அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். மேலே களஞ்சியம் உண்டு, ரங்கநாதர் கோயில் உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் அத்தனையும் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

விமானத்தில் அந்தப் பாலம்தான் பேட்டரி பிளக். பேட்டரியிலிருந்து மின்சாரம் ஈ.எஸ்.சி. என்கிற வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு வருகிறது. அது மோட்டாரை ஓட்டுகிறது. அதோடு வேலை முடியவில்லை. நாம் செய்கிற சிறிய விமானங்களில் அதே ஈ.எஸ்.சி.தான் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் கொடுக்கிறது. இதைத்தான் பல பேர் யோசிப்பதில்லை. பறக்கும்போது மோட்டார் மட்டும் நின்றால் பயமில்லை, கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு இறக்கிவிடலாம். பிளக் விட்டுப்போனால் ரிசீவரே செத்துவிடும். அப்புறம் கையில் இருக்கிற ரிமோட்டும் ஒன்றுதான், செங்கல்லும் ஒன்றுதான்.

ஒரு கிலோ எடையுள்ள விமானம் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டரில் வருகிறது என்று வையுங்கள். அரை எம் வி ஸ்கொயர் போட்டால் சுமார் 112 ஜூல். 11 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து, அதாவது ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியிலிருந்து, ஒரு கிலோ கல்லைப் போடுவதற்குச் சமம். எங்கள் பனமலையில் ஏரி இருக்கிறது, அதை ஒட்டிய குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் இருக்கிறது. ஏரிக்கரை என்றால் ஆடு மேய்க்கிறவர்களும் விளையாடுகிற பிள்ளைகளும் இருக்கத்தான் செய்வார்கள். மேலே ஏதாவது பறந்தால் "ஏரோப்ளேன்! ஏரோப்ளேன்!" என்று அதன் அடியிலேயே ஓடி வருவார்கள். அந்தக் கல் யார் தலையில் விழும் என்பதுதான் என் கேள்வி.

மோட்டார் கொட்டகைப் பாடம்

விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு லூஸ் கனெக்‌ஷன் என்றால் என்னவென்று வாத்தியார் சொல்லித்தர வேண்டியதில்லை. கரும்புக்கோ மணிலாவுக்கோ தண்ணீர் பாய்ச்சப் போய் மோட்டார் கொட்டகையைத் திறந்தால், ஸ்டார்ட்டரில் ஒரு முனை மட்டும் கறுத்துப்போய் கருகல் வாசம் அடிக்கும். ஸ்க்ரூ தளர்ந்தது, அங்கே தடை கூடியது, சூடு பிடித்தது, சூட்டில் இன்னும் தளர்ந்தது. கடைசியில் வயரே எரிந்தது.

இப்போது ஒரு வேடிக்கையான கணக்கு. 5 எச்.பி. மும்முனை பம்ப்செட் ஒரு லைனில் இழுப்பது ஏறக்குறைய 7, 8 ஆம்பியர்தான். நாம் தெர்மாகோலில் செய்கிற விமானம் முழு வேகத்தில் 15, 20 ஆம்பியர் இழுக்கும்! காரணம் உங்களுக்குத் தெரியும். அங்கே 400 வோல்ட்டுக்கு மேல், இங்கே 3 செல் லிப்போவில் 11.1 வோல்ட். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூட வேண்டும். சூடு என்பது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே கிணற்றடி மோட்டாரை விடக் கையளவு விமானத்துக்குத்தான் நல்ல இணைப்பு அவசியம்.

20 ஆம்பியர் போகிறது. பிளக்கின் தடை அரை மில்லிஓம் என்றால் உண்டாகும் சூடு 0.2 வாட். தொட்டால்கூடத் தெரியாது. அதே இடத்தில் ட்ரை சோல்டர் ஆகி 20 மில்லிஓம் வந்துவிட்டது என்றால் 8 வாட்! வீட்டில் ஒரு எல்.இ.டி. பல்புக்குச் செலவாகிற அளவு சக்தி, நகம் அளவு இடத்தில் சூடாக வெளியாகிறது. பிளாஸ்டிக் இளகும், உள்ளே இருக்கிற பின் சாயும், பிடிப்பு விடும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது இதுதான்.

வந்த வழி

எலெக்ட்ரிக் விமானத்தை ரேடியோவில் பறக்கவிட்டது இன்று நேற்று நடந்ததல்ல. 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குவீன்' என்ற மாடலை வெள்ளி-துத்தநாக பேட்டரியில் பறக்கவிட்டார். பிறகு நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலம். பொம்மைக் கார் பேட்டரியில் வருகிற வெள்ளை நிற டாமியா பிளக்கையே விமானத்திலும் போட்டார்கள். ஆம்பியர் ஏற ஏற அது சூடாகித் தவித்தது. அடுத்து டீன்ஸ் என்கிற டி-பிளக் வந்தது. தட்டையான இரண்டு தகடு, நல்ல பிடிப்பு. லிப்போ பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் வந்த பிறகு நீல நிற ஈ.சி.3, ஈ.சி.5, மஞ்சள் எக்ஸ்.டி. வகைகள் என்று வரிசையாக வந்தன.

ஆக, சந்தையில் ஐந்தாறு சாதி பிளக். ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் ஒருவன் பேட்டரி வாங்கினால் அதில் ஒன்று, இன்னொருவன் தருவித்தால் அதில் வேறொன்று. ஈ.எஸ்.சி.யோ பல நேரம் மொட்டை வயரோடு வரும். அதில் அவனவன் கைக்குக் கிடைத்ததைப் பற்றவைக்கிறான். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

எதைப் பார்த்து எடுப்பது?

பெட்டியில் என்ன வந்ததோ அதை வைத்துக்கொள்வது தேர்வு ஆகாது. என் கணக்கில் நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: தொடர்ந்து எத்தனை ஆம்பியர்? பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. எக்ஸ்.டி.60 என்றால் 60 ஆம்பியர் எந்நேரமும் தாங்கும் என்று நம்மில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். தயாரிக்கிற அமாஸ் நிறுவனத்தின் கணக்கில் அது தொடர்ந்து 30, கொஞ்ச நேரத்துக்கு 60. அதே மாதிரி எக்ஸ்.டி.30 தொடர்ந்து 15, எக்ஸ்.டி.90 தொடர்ந்து 45. பெயரில் பாதிதான் உண்மையான பலம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சின்னச் சிவப்பு ஜே.எஸ்.டி. பிளக் சில ஆம்பியருக்குத்தான் லாயக்கு. வீட்டில் 5 ஆம்ப்ஸ் பிளக்கில் அயர்ன் பாக்ஸ் போட்டால் அம்மா திட்டுகிறார்களே, அதே நியாயம்தான்.

இரண்டாவது கேள்வி: தலைகீழாகச் சொருக முடியுமா? மோட்டாருக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே மூன்று வயர். அதில் எந்த இரண்டை மாற்றினாலும் விசிறி எதிர்த்திசையில் சுற்றும், அவ்வளவுதான். மும்முனை பம்ப்செட்டில் லைனை மாற்றுகிற மாதிரி. ஆகவே அங்கே தனித்தனி புல்லட் பிளக் இருந்தால் பரவாயில்லை. பேட்டரிப் பக்கம் அப்படி இல்லை. சிவப்பும் கறுப்பும் ஒரு விநாடி மாறினாலும் ஈ.எஸ்.சி. புகைந்துவிடும். எக்ஸ்.டி. வகையில் ஒரு முனை சதுரம், மறுமுனை சாய்ந்தது. கூட்டல் கழித்தல் குறியும் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சொருகினாலும் சரியாகத்தான் போகும்.

மூன்றாவது கேள்வி: பேட்டரிப் பக்கம் உலோகம் வெளியே தெரிகிறதா? சுவரில் சாக்கெட்டுக்குக் குழிதான் வைக்கிறார்கள், பின் வைப்பதில்லை. ஏன்? மின்சாரம் எப்போதும் உயிரோடு இருக்கிற பக்கம் அது. பேட்டரியும் அப்படியே. அதற்கு சுவிட்ச் கிடையாது. எனவே பேட்டரியில் குழிப் பக்கம், விமானத்தில் பின் பக்கம். மாற்றிப் போட்டால் பையில் கிடக்கிற ஒரு ஸ்பானர் போதும். லிப்போ ஷார்ட் ஆனால் சில நூறு ஆம்பியர் பாயும். ஊதிப்போய்த் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றியவுடன் அடங்குகிற தீ அல்ல அது.

நான்காவது கேள்வி: நாளைக்கு அதே பிளக் கிடைக்குமா, பக்கத்துப் பையனிடமும் அது இருக்குமா? என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்விதான் முக்கியம்.

அடாப்டர் என்னும் அவஸ்தை

"அவனவன் இஷ்டத்துக்குப் போடட்டும், வேணும்னா அடாப்டர் போட்டுக்கலாம்" என்று சில நண்பர்கள் வாதாடுகிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு அடாப்டர் என்றால் என்ன? இரண்டு பக்கம் இரண்டு பிளக், நடுவே இரண்டு வயர். அதாவது கூடுதலாக ஒரு சொருகு இணைப்பு, கூடுதலாக நான்கு சோல்டர் முனை. ராஜகிரிக்கு ஒரு பாலம் போதாதென்று இரண்டாவது பாலம் கட்டுகிறோம். எந்தப் பாலம் இடிந்தாலும் கோட்டை போச்சு. சார்ஜ் செய்கிற மேசையில் அடாப்டர் இருக்கலாம், அங்கே யார் தலையிலும் விழாது. பறக்கிற விமானத்துக்குள் அது கூடவே கூடாது.

"ஈ.சி.3 மோசமா? டி-பிளக் மோசமா?" என்றும் கேட்பார்கள். மோசம் என்று நான் சொல்லவில்லை. ஈ.சி.3க்குள்ளும் அதே 3.5 மில்லிமீட்டர் புல்லட்தான். அசல் டி-பிளக் இன்றைக்கும் நல்ல பிளக். (சூடு பட்டதும் இளகுகிற போலிகள்தான் அதன் பெயரைக் கெடுத்தன.) நல்ல பிளக் எது என்பது ஒரு கேள்வி. எல்லோரிடமும் இருக்கிற பிளக் எது என்பது வேறு கேள்வி. நம் ஊர்ப் பக்கம் புழங்குகிற 3 செல் பேட்டரிகளில் அதிகம் கண்ணில் படுவது எக்ஸ்.டி.60. நம்முடைய பெரும்பாலான விமானங்கள் 30 ஆம்பியருக்குள் அடங்குபவை. எனவே அதற்கே ஓட்டு.

இதில் காசு விஷயமும் இருக்கிறது தோழர்களே. நம்மில் பல பேர் கூலி வேலைக்குப் போகிற குடும்பத்திலிருந்து வருகிறோம். ஒரு லிப்போ வாங்க ஸ்காலர்ஷிப் பணத்தையோ லீவில் பார்த்த வேலைச் சம்பளத்தையோதான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஒருவனிடம் பேட்டரி இருக்கிறது, இன்னொருவனிடம் விமானம் இருக்கிறது. பிளக் ஒத்துப்போனால் இரண்டு பேரும் பறக்கவிடலாம். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஐந்து பேர் சேர்ந்து ஐந்து பேட்டரியைப் பொதுவில் வைத்தால் ஒரு மாலைப்பொழுது முழுக்கப் பறக்கலாம். வசதி உள்ளவனுக்கு ஒரே பிளக் என்பது சௌகரியம். வசதி இல்லாதவனுக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

கைவேலை சுத்தமாக இருந்தால்தான்

எந்தப் பிளக்கை எடுத்தாலும் பற்றவைப்பது சரியில்லை என்றால் பயனில்லை. லேபில் இருக்கிற 25 வாட் அயர்ன் சர்க்யூட் போர்டுக்குச் சரி. தடித்த சிலிக்கான் வயருக்கு 60 வாட்டாவது வேண்டும். சூடு போதாமல் ஈயத்தை மேலே அப்பினால் அது ட்ரை சோல்டர்தான், பார்வைக்கு மட்டும் இணைப்பு. நல்ல முனை பளபளவென்று வழிந்து பிடித்திருக்கும்.

பற்றவைக்கும்போது எதிர்ப்பக்கப் பிளக்கைச் சொருகி வைத்துக்கொண்டால் பின் சாயாது, சூட்டையும் அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். (அந்த எதிர்ப்பக்கம் எந்தப் பேட்டரியோடும் சேர்ந்திருக்கக் கூடாது.) சூட்டில் சுருங்குகிற ஷ்ரிங்க் டியூபை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள். பேட்டரியின் பழைய பிளக்கைக் கழற்றும்போது இரண்டு வயரையும் ஒரே வெட்டாக வெட்டவே கூடாது. கட்டரின் வாயே ஷார்ட் ஆகிவிடும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, மூடிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

சார்ஜ் செய்யும்போது வயரின் பனானா முனைகளை முதலில் சார்ஜரில் சொருகிவிட்டுப் பிறகுதான் பேட்டரியைச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் உயிருள்ள இரண்டு முனைகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். பழகப் பழக பிளக் தளர்ந்தால், விமானப் பக்கத்துப் பின்னில் இருக்கிற பிளவை மெல்லிய கத்தி முனையால் லேசாக விரித்துக்கொடுக்கலாம். அப்போதும் பிடிப்பு இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு போடுங்கள். பிளக்கில் மிச்சம் பிடித்து விமானத்தை இழப்பது என்ன சிக்கனம்?

விளையாட்டு மட்டும்தானா?

"இதெல்லாம் விளையாட்டு, வேலைக்கு உதவுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து மாணவர்களின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. 2023 நவம்பரில் மத்திய அரசு, 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. வயலில் மருந்து தெளிக்கிற ட்ரோனை ஓட்ட ஆள் வேண்டும், பழுது பார்க்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் ஏன் நம் டிப்ளமோ படித்த தம்பி தங்கையாக இருக்கக் கூடாது?

அந்தப் பெரிய ட்ரோன்களிலும் இதே பாடம்தான், அளவு மட்டும் பெரிசு. 6 செல், 12 செல் என்று வோல்ட் ஏறும்போது, பேட்டரியைச் சொருகியவுடன் கப்பாசிட்டர் நிரம்புகிற வேகத்தில் 'பட்' என்று பொறி பறக்கும். அந்தப் பொறி தினம் தினம் பின்னை அரித்துவிடும். அதற்காகவே எக்ஸ்.டி.90-எஸ் போன்ற பிளக்குகளில், முதலில் ஒரு மின்தடை வழியாக மெதுவாக மின்சாரம் போய், முழுதாகச் சொருகிய பிறகு நேரடியாகப் போகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். சின்ன பிளக்கில் "ஏன், எதற்கு" என்று கேட்டுப் பழகியவனுக்கு இது பார்த்தவுடன் புரியும். "எப்படியாவது ஒட்டிவிட்டால் போதும்" என்று பழகியவனுக்கு அங்கேயும் ஒட்டத்தான் தோன்றும்.

பேரவைக்கு என் வேண்டுகோள்

கோடிக்கணக்கில் லேப் கேட்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்:

1. 15 ஆம்பியர் வரை எக்ஸ்.டி.30, 30 வரை எக்ஸ்.டி.60. இதற்கு மேல் போகிற பிராஜெக்டுக்குத் துறை ஆசிரியரைக் கேட்டு முடிவு செய்வது.

2. பேட்டரியில் குழிப் பக்கம், விமானத்தில் பின் பக்கம். மாறியிருந்தால் பறக்க அனுமதி இல்லை, அது இறுதியாண்டு அண்ணன் விமானமாக இருந்தாலும் சரி.

3. அடாப்டர் சார்ஜ் மேசையோடு சரி. மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி மணல்.

4. பேரவைச் செலவில் பிளக்குகளை மொத்தமாக வாங்கி, வாங்கிய விலைக்கே கொடுப்பது.

5. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு சீனியர்கள் பற்றவைக்கச் சொல்லிக்கொடுப்பது. மெக்கானிக்கல், சிவில் என்று பார்க்காமல், மாணவிகளையும் கட்டாயம் சேர்த்து.

பறக்கவிடும்போது 2021 ட்ரோன் விதிகளைப் படித்துவிட்டு, அனுமதி உள்ள இடமா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள். செஞ்சிக் கோட்டைப் பக்கம் ஆசைப்பட்டுக் கிளப்பிவிடாதீர்கள், அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம்.

தோழர்களே! நம் வீடுகளில் எந்தக் கம்பெனி மிக்ஸி வாங்கினாலும் சுவரில் இருக்கிற சாக்கெட்டில் சேருகிறது. யாரோ ஒரு காலத்தில் உட்கார்ந்து பேசி, இதுதான் அளவு என்று முடிவெடுத்ததால்தான் அந்தச் சௌகரியம். நாடு முழுவதற்கும் அது முடிந்திருக்கிறது. ஒரு பாலிடெக்னிக்கில் முடியாதா? அடுத்த ஆண்டு சேரப்போகிற ஒரு கிராமத்துப் பையன் தன் முதல் விமானத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வரும்போது, "பேட்டரி இல்லையா தம்பி? இந்தா, என்னோடதைப் போட்டுக்கோ" என்று நாம் சொல்ல முடிய வேண்டும். அது அவன் விமானத்தில் சேரவும் வேண்டும்.

பிளக்கால் ஒன்றுபடுவோம்! பத்திரமாகப் பறப்போம்!